உளி பதிந்த தடம்

போன மாதம் என் வீட்டு டிரில்லிங் மெஷின் நின்றுபோனது. வாரண்டி இன்னும் முடியவில்லை. கம்பெனி எண்ணுக்குக் கூப்பிட்டேன். "போட்டோ எடுத்து அனுப்புங்க சார்" என்றாள் ஒரு பெண். அனுப்பினேன். ஊற்றி வைத்த காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது: "வெளிப்புறச் சேதம். வாரண்டி பொருந்தாது." அவர்கள் சேதம் என்று கண்டது, என் பேத்தி ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த கறை.

வேலை பார்த்த காலமெல்லாம் வாரண்டி கவுண்டருக்கு உள்ளே நின்றவன் நான். வெளியே நின்று பார்ப்பது இதுவே முதல் தடவை. கோபம்தான் வந்தது. மெஷினை ஒருவரும் தொடவில்லை, மோந்துகூடப் பார்க்கவில்லை. மோட்டார் காயில் கருகியிருந்தால் ஒரு வாசனை, கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் இன்னொரு வாசனை. போட்டோவில் வாசனை ஏது? அந்தக் கோபம் அடங்கியபின் ராவ் சார் ஞாபகம் வந்தது. அவரோடு சேர்ந்து சூசைநாதன் ஞாபகமும் வந்தது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் பெயர் முனிரத்தினம். ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தேன். சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை கற்றுக்கொண்டேன். சுரங்கத்தை மூடினார்கள். ஊரே தினமும் விடியலில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு ஓடி இரவு திரும்பியது, நானும் ஓடினேன். மர வேலை மெஷின்கள் விற்கும் ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் இடம் கிடைத்தது. கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வந்துவிடும். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். வேலை கற்றதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரையும் போலத் திட்டு வாங்கித்தான் கற்றேன்.

ராவ் சார் அங்கே சர்வீஸ் மேனேஜர். தும்கூர்க்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார், நடுநடுவே கன்னடம் வந்து விழும். எந்த கிளெய்ம் வந்தாலும் அவர் செய்கிற முறை ஒன்றுதான். முதலில் விரலில் இருக்கும் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். மேஜைமேல் வெள்ளைத் துணி விரிப்பார். உடைந்த பாகத்தை அதன்மேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே பார்ப்பார். உட்காரவே மாட்டார். பார்க்கும்போது யாரும் பேசக்கூடாது, வாடிக்கையாளரும் பேசக்கூடாது. "மெஷின் முதல்ல பேசட்டும். அப்புறம் நீங்க பேசுங்க" என்பார். மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முடித்தபிறகுதான் "சொல்லுங்க, அப்போ உங்க கை எங்க இருந்துச்சு?" என்று கேட்பார். யார் தப்பு என்று ஒருநாளும் கேட்டதில்லை. கை எங்கே இருந்தது என்றுதான் கேட்பார்.

இளகிய மனசுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் சென்டரில் அதிக கிளெய்ம்களைத் தள்ளியவர் அவர்தான். ஒருவர் கருகிப்போன மோட்டாரைத் துடைத்து, எண்ணெய் போட்டு, புதுப்பெண் மாதிரி கொண்டுவந்து வைத்தார். ராவ் சார் முகம் வாடிவிட்டது. "துடைச்சிட்டீங்களே. அந்தத் தூசிதான் உங்க சாட்சி. சாட்சியைக் கழுவி ஊத்திட்டு கேஸுக்கு வந்திருக்கீங்க" என்றார். அந்த மனிதருக்கு மோட்டார் கிடைக்கவில்லை.

இன்னொருவர் மரம் கடையும் லேத்தில் பெல்ட் நழுவுகிறது என்று சண்டைக்கு வந்தார். குளிர்காலம், கழுத்தில் மஃப்ளர். ராவ் சார் லேத்தின் சுழலும் பாகத்தைத் துணிமேல் வைத்துப் பார்த்தார். இடுக்கில் கம்பளி நூல் சிக்கியிருந்தது, மஃப்ளரின் அதே பச்சை. "கழுத்தைக் காட்டுங்க" என்றார். சிவப்பாக ஒரு கோடு. மஃப்ளரை லேத் சுற்றி இழுத்திருக்கிறது, நெற்றி மெஷினில் முட்டும் வரை போயிருக்கிறார், அப்போது பெல்ட் நழுவி ஓட்டம் நின்றிருக்கிறது. அதை மறைத்துவிட்டு வெறும் பெல்ட் கோளாறு என்று வந்திருக்கிறார். "இந்த பெல்ட் நழுவினதாலதான் நீங்க இங்க வந்து என்னோட சண்டை போடறீங்க. வீட்டுல மாட்டி வெச்சு ஊதுவத்தி ஏத்துங்க" என்றார் ராவ் சார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. புது பெல்ட்டும் போட்டுக் கொடுத்தார்.

இனி சூசைநாதன் விஷயம். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

சூசைநாதன் எங்கள் சுரங்க ஊரிலேயே, சாம்பியன் ரீப்ஸில் மரக் கடைசல் வேலை செய்பவர். கட்டில் கால், ஊஞ்சல் சங்கிலிக்குப் பக்கத்தில் வரும் உருளை, மாதா கோயிலுக்கு மெழுகுவத்தித் தண்டு, எல்லாம் அவர் லேத்தில்தான். எனக்கு மூத்தவர், நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் அப்பா சுரங்கத்தில் வெடி வைக்கிற வேலையில் இருந்தவர். திரியைப் பற்றவைக்குமுன் "ஒதுங்கு" என்று கத்துவார்களாம். மகனுக்கும் அதே பழக்கம். லேத் சுவிட்சைப் போடுமுன் "ஒதுங்கு" என்பார். சுழலும் கட்டைக்கு நேரே ஆள் நிற்கக் கூடாது என்பது கடைசல்காரர்களுக்குப் பாலபாடம். ஆனால் இவர் பட்டறையில் தனியாக இருந்தாலும் சொல்வார். தெருவில் போகிற பிள்ளைகள்கூடப் பதிலுக்கு "ஒதுங்கிட்டோம்" என்று கத்திவிட்டு ஓடும்.

எங்கள் ஊரில் சுரங்க மரம் என்று ஒன்று உண்டு. பூமிக்கடியில் பாறை சரியாமல் முட்டுக் கொடுக்க வைத்திருந்த மரமும், மேலே இருந்த பழைய கொட்டகைகளின் மரமும் கைமாறிக் கைமாறி வீடுகளுக்கு வந்து சேர்ந்தவை. இரும்பு மாதிரி இருக்கும். அப்பாவும் தாத்தாவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் கீழே நின்றார்கள் என்பதால், விறகாக்க மனசு வராது. கோயிலுக்கு நேர்ந்துகொண்டால் அந்த மரத்தில்தான் செய்து தர வேண்டும் என்பார்கள். அப்படி ஒரு குடும்பம் செத்துப்போன அப்பா பெயரில் பீடத்துக்கு இரண்டு மெழுகுவத்தித் தண்டு கேட்டது. மரமும் அவர்களே கொடுத்தார்கள். முதல் தண்டு அழகாக வந்தது. இரண்டாவது கட்டையில்தான் விபத்து.

கடைசல் லேத்தில் உளியைச் சாய்த்துப் பிடிக்க ஒரு இரும்புத் தாங்கி இருக்கும், டூல் ரெஸ்ட் என்போம். அது உடைந்தது. உளி கட்டைக்குள் பாய்ந்தது. கட்டை பிடுங்கிக்கொண்டு பறந்து வந்து, போட்டிருந்த கண்ணாடியோடு சேர்த்து முகத்தில் அடித்தது. இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் அவர் பட்டறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. மெஷின் எங்கள் கம்பெனியுடையது. விற்ற கடைக்காரர் போனிலேயே "ஓட்டத் தெரியாம ஓட்டி ஒடச்சிருக்காரு, வாரண்டி வராது" என்று சொல்லிவிட்டார். ஊரில் வேறு மாதிரி பேச்சு. குடித்துவிட்டு உளி பிடித்தார் என்றார்கள். அவர் குடிக்கிற ஆளே இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவர் மனைவி பிலோமினா அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, மெஷின் வந்தா வருது, வராட்டி போவுது. அதுக்கு வரல நான். அவரு எந்நேரமும் கையப் பாத்துக்கினே குந்திக்கினு கீறாரு. 'என் கை நழுவிச்சி பிலோமி, கை பூட்ச்சி' இன்னு அதயே சொல்றாரு. சோறு தின்ற கையக்கூட சந்தேகமாப் பாக்கறாரு. நீ மெஷினப் பாத்து சொல்லு. அவரு கைதான் காரணம்னா சரி, நான் மனசத் தேத்திக்கிறேன். இல்லன்னா இல்லன்னு சொல்லு."

அன்றைக்கே போனேன். சூசைநாதன் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்மேல் கட்டு. என்னைப் பார்த்து, "வா முனிரத்தினம். பாக்க இன்னா கீது? எங்கப்பாரு எத்தினி வெடி வெச்சாரு, ஒரு வெரல் போவல. நான் மரத்த வெச்சிக்கினு கண்ணத் தொலச்சேன்" என்றார். பட்டறைக்குப் போய்விட்டேன்.

லேத்தை யாரும் துடைக்கவில்லை, நல்லவேளை. உடைந்த டூல் ரெஸ்ட் இரண்டு துண்டாகக் கிடந்தது. இரண்டையும் தனித்தனியே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன், முறிந்த பரப்பை முகம் என்போம், அந்த முகங்கள் ஒன்றோடொன்று உரசக்கூடாது என்று. "கட்டை எங்க அண்ணி?" என்று கேட்டேன்.

"வெந்நீர் அடுப்புல வெச்சிட்டேன். ரத்தம் குடிச்ச கட்டை, வீட்ல வெச்சிக்கலாமா?" என்றார்கள். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

உள்ளே கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அண்ணி என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய், மாட்டுக்கொட்டகைச் சுவரிடுக்கில் கைவிட்டு எதையோ எடுத்தார்கள். கட்டை விரல் பருமன் ஆணி, தலை போனது. நெருப்பில் வெந்து நீலம் பாய்ந்திருந்தது. பக்கவாட்டில் உளி வெட்டிய கீறல்.

"சாம்பல் அள்ள சொல்லோ கெடச்சிது. கட்டையில ஆணி இருந்தா வாரண்டி கெடையாதுன்னு கடக்காரன் சொல்லிட்டான். அதான் மறச்சேன். அவருக்கும் காட்டல. காட்டினா இன்னும் ஒடஞ்சி பூடுவாரு. அந்தக் கட்டைய அவருதான் சுத்தியால தட்டித் தட்டிப் பாத்து, நல்லா கீது பிலோமின்னு சொன்னாரு."

எனக்குப் புரிந்தது. எங்கள் ஊர்க்காரன் யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பான். பூமிக்கடியில் வேலைக்கு இறங்கினால் முதல் காரியம், தலைக்குமேல் இருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பது. கணீரென்றால் நிற்கலாம், பொத்தென்றால் விலக வேண்டும். அந்தக் காதுதான் அப்பன்மார்களை வீடு கொண்டுவந்து சேர்த்தது. சூசைநாதன் அண்ணன் மரத்தையும் அப்படியே தட்டியிருக்கிறார். பாறைக்கு அது சரி. மரத்துக்குள் இறுக்கமாக உட்கார்ந்த ஆணி மரத்தோடு மரமாகத்தான் ஒலிக்கும். வேறு ஊர்க் கடைசல்காரன் அந்த மரத்தைத் தொட்டே இருக்கமாட்டான், தொட்டாலும் காதை நம்பியிருக்கமாட்டான்.

"இத்த எங்கிட்ட குடுங்க அண்ணி."

"ஆபீஸ்ல காட்டுவியா?"

"காட்டித்தான் ஆவணும்."

அண்ணி ஆணியை உடனே கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்கள். அப்புறம், "காலையில எழுந்தா 'ஒதுங்கு'ன்னு ஒரு சத்தம் கேக்கும். அது இல்லாம வீடு இன்னாமாரியோ கீது" என்று சொல்லி என் கையில் வைத்தார்கள்.

மறுநாள் ரயிலில் அந்த ஆணி என் சட்டைப்பையில் கனத்தது. வழி நெடுக யோசனைதான். உடைந்த முகத்தை நான் முன்னமே பார்த்துவிட்டேன், அதில் குறை இருந்தது. ஆணி இல்லாமல் துண்டுகளை மட்டும் வைத்தால் கிளெய்ம் தடையில்லாமல் கிடைத்துவிடும். ஆணியையும் வைத்தால் என்ன ஆகுமோ? பங்காருப்பேட்டை தாண்டியதும் ஜன்னல் வழியே எறிந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. எறியவில்லை. மெஷினைப் பாத்து சொல்லு என்றுதான் அண்ணி கேட்டார்கள். பாதியை எறிந்துவிட்டு மீதியைப் பார்த்து என்ன சொல்வது?

ராவ் சார் மோதிரத்தைக் கழற்றினார். துணி விரித்தார். துண்டுகளை வைத்தேன், பக்கத்தில் ஆணியையும் வைத்தேன். அவர் ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நின்றபடி பார்க்க ஆரம்பித்தார்.

வார்ப்பிரும்பு புதிதாக உடைந்தால் உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் சர்க்கரைத் தூள் மாதிரி மினுக்கும். இதில் பாதி அப்படி இருந்தது. மீதிப் பாதியில் கறுப்பாக, வழவழப்பாக ஒரு குழி. வார்க்கும்போதே உள்ளே காற்று மாட்டிக்கொண்ட ஓட்டை. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே கோழிமுட்டை ஓடு அளவுக்குத்தான் இரும்பு. ராவ் சார் லென்ஸை எடுத்து அதைப் பார்த்தார். பிறகு தாங்கியின் மேல் விளிம்பைப் பார்த்தார், அங்கேதான் ரொம்ப நேரம் நின்றார். விளிம்பில் ஒரு பள்ளம். ஆணியில் உளி மாட்டிய நொடியில் அழுந்திப் பதிந்த தடம்.

"நோடு, இங்க பாரு முனிரத்னா. ஒரே பள்ளம். இழுத்த கீறல் ஏதாவது இருக்கா, தேடு."

தேடினேன். இல்லை.

"கை நழுவியிருந்தா உளி பக்கத்துல ஓடியிருக்கும், கீறல் விழுந்திருக்கும். இவர் உளி எங்க இருக்கு பார். தாங்கியோட கால் மேலயே, நேர் நடுவுல. எங்க வைக்கணும்னு நாம சொல்லிக்கொடுக்கறமோ அங்கதான் வெச்சிருக்கார்."

பிறகு என்னிடம் கேட்டார்: "ஆணி எப்படி உள்ள போச்சு?" சுரங்க மரத்தையும், தட்டிப் பார்க்கிற பழக்கத்தையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். இப்போதுதான் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

தலைமை அலுவலகத்துக்கு ஆணியையும் சேர்த்தேதான் எழுதினார். எதிர்பார்த்த மாதிரியே அங்கிருந்து போன் வந்தது. ஆணி இருக்கிறதென்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிறகு எப்படி கிளெய்ம் தருவது என்று கேட்டார்கள் போலிருக்கிறது. ராவ் சார் குரலை உயர்த்தவில்லை. கன்னடத்தில் சொன்னார், நான் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்:

"ஆமா, ஆணியும் இருக்கு, ஓட்டையும் இருக்கு. மரத்துல உளி மாட்டும். மாட்டினா தாங்கறதுக்குத்தான் அந்தத் தாங்கி. ஆணி அவருது, ஓட்டை நம்மது. ஆணிக்கு உண்டானதை அவர் ஒரு கண்ணாக் குடுத்துட்டார். ஓட்டைக்கு உண்டானதை நாம குடுக்கணும்."

அந்தப் பக்கம் அதிக நேரம் பேசவில்லை, கிளெய்மை ஒப்புக்கொண்டார்கள். அதே வார்ப்பில் வந்த தாங்கிகளை விற்ற இடங்களிலிருந்தெல்லாம் திரும்ப வாங்கும்படியும் ராவ் சார் எழுதினார், வாங்கினார்கள். சிலவற்றை நானே அறுத்துப் பார்த்தேன். இன்னொன்றிலும் அதே கறுப்புக் குழி இருந்தது. அதை வைத்து வேலை பார்த்தவர் யாரென்று தெரியாது. தாங்கி உடையாமல் திரும்பி வந்ததால், அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மட்டும் தெரியும்.

புது லேத் வந்தது. பழுதான பாகத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரக்கூடாது என்பது கம்பெனி விதி. ராவ் சார், "உடைஞ்ச முகத்தை நமக்கு அறுத்து வெச்சுக்கோ. மேல் விளிம்பு நமக்கு எதுக்கு? அதை அவருக்குக் கொண்டுபோய்க் குடு" என்றார். அறுத்த இடத்தில் கை கீறாதபடி அரமும் போட்டுக் கொடுத்தார், அவரே.

சாம்பியன் ரீப்ஸ் பட்டறையில் மெஷினை இறக்கி, மட்டம் பார்த்து, போல்ட் முறுக்கினேன். மெஷினை ஒப்படைக்கும்போது வாடிக்கையாளர்தான் முதல் சுவிட்சைப் போட வேண்டும், அது எங்கள் முறை. அண்ணன் வரவில்லை. "நீயே போட்டுட்டுப் போ. நான் தொட மாட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் உள்ளே போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆணியை முதலில் கொடுத்தேன். அவர் அதை உருட்டிப் பார்த்தார். அண்ணி கதவருகே சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

"கட்டையில இது இருந்திச்சிண்ணா. தட்டிப் பாத்தா தெரியாது, எவன் தட்டினாலும் தெரியாது."

பிறகு டூல் ரெஸ்ட் துண்டைக் கொடுத்தேன். "இத்தத் தடவிப் பாருங்க. இந்தப் பள்ளம் ஒங்க உளி பதிஞ்சது. பக்கத்துல ஒரு கீறல் கெடையாது. தாங்கி ஒடையற வரிக்கும் ஒங்க கை எடத்த விட்டு அசையலண்ணா. எங்க சார் லென்ஸ் வெச்சி பாத்து சொன்னாரு."

அவர் கட்டை விரலை அந்தப் பள்ளத்தில் வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். விளிம்பு முழுக்க விரலை ஓட்டிக் கீறல் தேடினார், எங்களை நம்பாதவர் மாதிரி. தேடித் தேடி மறுபடி பள்ளத்துக்கே வந்தார். இருக்கிற ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"நழுவல" என்றார்.

"நழுவலண்ணா."

எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். சோதனைக்கென்று நான் கொண்டுவந்திருந்த சில்வர் ஓக் கட்டையை எடுத்தார். பழக்கதோஷம், கை சுத்தியலுக்குப் போனது. பாதியில் நின்றது. பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து நீட்டினேன். கட்டையைச் சுற்றிலும் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு மெஷினில் மாட்டினார். கையால் ஒரு சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்தார். கண்ணாடியை மாட்டினார். சுவிட்சில் விரல் வைத்தவர், அப்படியே நின்றார்.

"ஒதுங்கு" என்றார்.

கட்டைக்கு நேரே நாங்கள் யாரும் நிற்கவில்லை. இருந்தாலும் நானும் அண்ணியும் ஒதுங்கினோம்.